பேனாவின் நாக்கு

ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனம் 1919இல் தொடங்கப்பட்டது. அதன் பெருமைக்குரிய பேனாவுக்கு '3776' என்று பெயர். ஃபூஜி மலையின் உயரம் 3776 மீட்டர். அந்த எண்ணையே பேனாவுக்குச் சூட்டிவிட்டார்கள். 14 காரட் தங்க நிப்பு, விலை இருபதாயிரம் யென்னுக்கு மேல். இதே நிறுவனம் 'ப்ரெப்பி' என்ற இன்னொரு மைப்பேனாவையும் விற்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் பிளாஸ்டிக் உடல், எஃகு நிப்பு, விலை சில நூறு யென்.

பெரிய நிறுவனத்தின் சின்னப் பேனாவைக் கையில் எடுத்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: எதில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்? கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என்றால் தயங்காமல் வாங்கலாம். மை போகிற வழியில் கைவைத்திருந்தால் பேனாவை வைத்துவிட்டு வந்துவிடலாம். அந்த வழியை நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் நன்றாகப் பார்க்கலாம்.

முதலில் நிப்பின் நடுவே ஓடும் பிளவு. துளைக்குப் பக்கத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நுனியை நெருங்க நெருங்க அதுவும் சுருங்கி, தலைமுடி கூட நுழையாத அளவுக்குப் போய்விடும். சுருங்குவது தற்செயல் அல்ல. ஒடுங்கிய இடைவெளிக்குள் திரவம் தானாகவே ஏறிக்கொள்ளும்; பள்ளிப் பாடத்தில் நுண்புழை நுழைவு என்று படித்தது இதைத்தான். 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடித் தகடுகளைத் தண்ணீரில் நிறுத்தினால், புவியீர்ப்பை எதிர்த்துத் தண்ணீர் சுமார் 15 சென்டிமீட்டர் ஏறும். மூடியோடு சேர்த்து ப்ரெப்பியின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். இடைவெளி பாதியானால் ஏற்றம் இரட்டிப்பாகும். மையின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடக் குறைவு என்பதால் மை அவ்வளவு ஏறாது. ஆனால் விதி ஒன்றே.

இந்த விதியை வைத்துத்தான் மைப்பேனா முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. மைக்குழாய் அகலமானது. அதற்கு அடுத்து, நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு என்ற பாகத்தின் வாய்க்கால் ஒடுக்கம். நிப்பின் பிளவு அதைவிட ஒடுக்கம். கடைசியில் வரும் தாளின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் எல்லாவற்றையும்விட ஒடுக்கம். ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தையதிடமிருந்து மையைப் பிடுங்கிக்கொள்கிறது. எழுதும்போது நாம் மையைத் தள்ளுவதில்லை, தாள்தான் உறிஞ்சுகிறது. பால்பாயின்ட் பேனாவுக்குத் தேவைப்படும் அழுத்தம் இதற்குத் தேவைப்படாத காரணம் இதுவே. ஆகவே லென்ஸில் பார்க்கும்போது நிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பிளவு வழியே தெரியும் ஒளிக்கீற்று நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும். நுனியில் அகன்றிருந்தால் மை பாதி வழியிலேயே நின்றுவிடும். நாட்கணக்கில் எழுதிப் பழகினாலும் அது சரியாகாது.

அடுத்தது நுனி. தாளைத் தொடுவது தங்கமும் அல்ல, எஃகும் அல்ல. வழவழப்பாகத் தெரிந்தாலும் தாளில் சுண்ணாம்பு, களிமண் போன்ற கனிமத் தூள்கள் கலந்திருக்கும். தங்கத்தை அவை வெகு சீக்கிரம் தேய்த்துவிடும். அதனால் நிப்பின் முனையில் மிகக் கடினமான உலோகக் கலவையால் ஆன ஒரு சின்ன மணியைப் பற்றவைக்கிறார்கள். பிறகு மணியையும் நிப்பையும் சேர்த்து மெல்லிய சக்கரத்தால் இரண்டாகப் பிளக்கிறார்கள். அதன் பின் மணியைத் தேய்த்து வடிவம் கொடுக்கிறார்கள். 1830களில் இரிடியம் நுனிகள் வந்தன. 'இரிடியம் பாயின்ட்' என்ற எழுத்து இன்றும் பல நிப்புகளில் இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவை. மிக மலிவான சில பேனாக்களில் மணியே இருக்காது. எஃகு நுனியை மடித்து உருட்டி விட்டிருப்பார்கள். லென்ஸில் இது பளிச்சென்று தெரியும்.

எழுத்தின் வழவழப்பு முழுக்க அந்த மணியைத் தேய்த்த கையின் வேலை. இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று இம்மியளவு தாழ்ந்தாலும் ஒரு திசையில் எழுதும்போது தாளைக் கீறும். மறுபக்கம் ஓர் ஆபத்தும் உண்டு. வழவழப்பு வேண்டுமென்று உள்விளிம்புகளை அளவுக்கு மீறி மழுக்கிவிட்டால், பிளவின் வாய் தாளைத் தொடாது. மை தாளுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். எழுத்தின் முதல் கோடு விழாமல் போகும். கடையில் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்த்தால் இந்தக் குறை பிடிபடாது. பேனாவைத் தாளைவிட்டு எடுத்து எடுத்து, குட்டிக் குட்டிக் கோடுகளாகப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் தங்கம் எதற்கு? பழைய மைகளில் அமிலம் இருந்தது. அந்தக் காலத்து எஃகை அது அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. இன்றைய துருப்பிடிக்காத எஃகும் சாதாரண மைகளை நன்றாகவே தாங்குகிறது. மீதமிருப்பது தங்கத்தின் லேசான நெகிழ்வு மட்டுமே. அது இனிமையானதுதான், அதற்காகக் காசு கொடுப்பவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எஃகு நிப்பு என்பதற்காக ஒரு பேனாவை மட்டமாக நினைப்பது அநியாயம்.

எனக்கு மிகப் பிடித்த பாகம் நிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் நாக்கு. மை இறங்கினால் மைக்குழாயில் வெற்றிடம் உண்டாகும். அதை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். மை இறங்குவதும் காற்று ஏறுவதும் ஒரே சமயத்தில், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு வழியே நடக்கின்றன. காற்று எளிதாக நுழைந்தால் மை கொட்டும். நுழையவே திணறினால் வேகமாக எழுதும்போது வரி வெளிறிப்போகும். ப்ரெப்பியின் உடல் ஒளி ஊடுருவுவதால், எழுத எழுத மைக்குழாய்க்குள் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கலாம்.

நாக்கின் பக்கவாட்டில் வரிசையாக மெல்லிய செதில்கள் இருக்கும். அவை அழகுக்கு அல்ல. மைக்குழாயின் உள்ளே இருக்கும் காற்று சூடானால் விரியும்; விரிந்த காற்று மையை வெளியே தள்ளும். சொட்டு சொட்டாக மை ஊற்றி நிரப்பும் பேனாவைச் சட்டைப்பையில் செருகிப் பள்ளிக்குப் போனவர்களுக்கு, மை குறையக் குறையத்தான் பேனா அதிகம் கசியும் என்பது நினைவிருக்கும். கணக்கு எளிது. உள்ளே 3 மில்லிலிட்டர் காற்று இருந்து, உடல் சூட்டில் வெப்பம் 10 டிகிரி கூடினால் அது 0.1 மில்லிலிட்டர் விரியும். அது இரண்டு சொட்டு மை. விமானத்தில் இன்னும் மோசம். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் குறையலாம். உள்ளே இருக்கும் 0.6 மில்லிலிட்டர் காற்று 0.8 ஆகும். வெளியே தள்ளப்படும் நான்கு சொட்டு மையில் முடிந்த மட்டும் செதில்களின் இடுக்குகளில் தேங்கி, அழுத்தம் திரும்பியதும் உள்ளே போய்விடுகிறது. மையை முழுக்க நிரப்பி, நிப்பு மேலே பார்க்க வைத்துக்கொண்டால் செதில்களுக்கு அந்த வேலையும் மிச்சம்.

ப்ரெப்பியின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அதற்குள் இன்னொரு சின்ன மூடி, அதன் பின்னால் ஒரு சுருள்வில். மூடும்போது வில் அழுத்தி, நிப்பைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கிறது. ஓராண்டு எழுதாமல் வைத்திருந்தாலும் மை காயாது என்கிறது நிறுவனம். 3776இன் மூடி திருகு மூடி, இதுவோ செருகு மூடி. ஆனால் உள்மூடியும் வில்லும் சேர்ந்த அதே உத்திதான் இரண்டிலும்.

மைக்குழாயிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதன் வாயை ஒரு சின்ன உலோகக் குண்டு அடைத்திருக்கும். குழாயைப் பேனாவில் அழுத்திச் செருகும்போது குண்டு உள்ளே விழுந்துவிடும். அதன்பின் பேனாவை ஆட்டினால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அடைப்பாக இருந்தது மையைக் கலக்கிவிடும் வேலைக்கு மாறிவிட்டது.

மிச்சம் பிடித்த இடங்களும் இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் மெல்லியது, கையில் எடையே தெரியாது, கவ்வியைப் பார்த்தால் விலை தெரிந்துவிடும். இவற்றை மன்னிக்கலாம்.

ஒரு மைப்பேனாவைச் சோதிக்க ஒரு நாள் போதாது. முதலில் ஒரு பக்கம் முழுக்க வேகமாக எழுதி, கடைசி வரி முதல் வரியளவு அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடி வைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்ததும் முதல் எழுத்து விழ வேண்டும். இரண்டு பேனாக்களை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டிலும் ஒரே மை, அடியில் ஒரே தாள். மை பரவி எழுத்து ஊதிப்போனால் பழியைப் பேனாமேல் போடும் முன் தாளை மாற்றிப் பாருங்கள். மட்டமான தாளில் இழைகள் கட்டுப்பாடின்றி உறிஞ்சும். தங்க நிப்பு போட்டாலும் அங்கே மை பரவத்தான் செய்யும்.