வீட்டுப்பணிக் கூலி (தீப்பெட்டித் தொழில்)

தீப்பெட்டித் தொழிலில் வீட்டுப்பணிக் கூலி என்பது ஆலைக்கு வெளியே, தம் வீட்டிலிருந்தே வேலை செய்வோருக்கு அளிக்கப்படும் ஊதியம் ஆகும். மழை குறைந்த கரிசல் நிலப்பகுதியான கோவில்பட்டி வட்டாரத்தில், வேளாண்மை வருவாய் போதாத குடும்பங்களின் பெண்கள் இம்முறையில் தீப்பெட்டி ஒட்டி வந்தனர். மூலப்பொருட்கள் வீட்டுக்கே தரப்படும். கூலி, நேரக் கணக்கில் அல்லாமல் குரோசு (144 பெட்டிகள்) கணக்கில் வழங்கப்படும்.

சட்ட நிலை

1948 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பிறருடைய வணிகத்துக்காகத் தம் வீட்டில் பொருள் செய்து தருவோரையும் பணியாளராகவே வரையறுத்தது. மற்றொருவர் வழியாக வேலை தருபவரும் அச்சட்டப்படி முதலாளியே ஆவார். இதற்கு மாற்றான ஊதியச் சட்டத்தொகுப்பு (2019), 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு (2020), வீட்டுப்பணியாளரை அமைப்புசாராத் தொழிலாளருள் சேர்க்கிறது.

நடைமுறைச் சிக்கல்

வீட்டில் வருகைப் பதிவேடு இல்லை. ஒரு குரோசுக்குச் செலவான நேரமும், அதில் குடும்பத்தார் செய்த உதவியும் கணக்கில் வருவதில்லை. எனவே பெற்ற கூலி குறைந்தபட்ச அளவை எட்டியதா என அறிவது கடினம். வேலை தந்தவர் யார் என்பதற்குச் சான்று இல்லாதபோது, வருங்கால வைப்பு நிதி கோருவதும் இயலாததாகிறது.

பன்னாட்டு உடன்படிக்கை

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177 ஆம் உடன்படிக்கை (1996), வீட்டுப்பணியாளரைப் பிற ஊதியப் பணியாளருக்கு நிகராக நடத்தக் கோருகிறது. கணினி வழியே வீட்டிலிருந்து தொடர்ந்து பணிபுரிவோரையும் இது உள்ளடக்கும். இந்தியா இதனை ஏற்புறுதி செய்யவில்லை.