கணையத் திட்டுகளும் குட்டைவால் ஒப்போசமும்

செரிமான நீரைச் சுரக்கும் கணையத்தினுள், சிறு சிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் ஒரு திசு முற்றிலும் வேறு பணியைச் செய்கிறது. 1869இல் ஜெர்மானியரான பால் லாங்கர்ஹான்ஸ் இதனை முதன்முதலாக விவரித்தார். இத்திட்டுகளுக்கு நாளம் இல்லை. மெல்லிய இரத்தத் தந்துகிகள் ஊடுருவிச் செல்வதால், பீட்டா செல்களின் இன்சுலினும் ஆல்ஃபா செல்களின் குளுக்ககானும் நேரே இரத்தத்தில் கலக்கின்றன.

இத்திசு உருவாகும் விதத்தைக் காண்பது எளிதன்று. மனிதன் உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகளில் அது கருப்பையினுள்ளேயே பெரிதும் நிகழ்ந்துவிடுகிறது. பிரேசில், பொலிவியா பகுதிகளில் வாழும் சாம்பல்நிறக் குட்டைவால் ஒப்போசம் இதற்கு விலக்காகும். ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள இது பைப்பாலூட்டி இனத்தைச் சேர்ந்தது. ஆயினும், விந்தையாக, இதற்குப் பை கிடையாது! கருக்காலம் சுமார் 14 நாட்களே. 0.1 கிராம் எடையுடன் பிறக்கும் குட்டி, கரு நிலை மாறாமலே தாயின் முலைக்காம்பைப் பற்றிக்கொள்கிறது. கணைய வளர்ச்சியின் பெரும்பகுதி அதன் பின்னரே நடைபெறுவதால், கருப்பையைத் திறவாமலே அதனைப் படிப்படியாக ஆராயலாம்.

அயல்நாட்டுச் சிற்றுயிரின் உள்ளுறுப்பில் நமக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள். பீட்டா செல்கள் அழிவதும் தளர்வதும் இந்நோயின் முக்கியக் கூறுகள். அவற்றை மீண்டும் உருவாக்க முயல்வோர், இயற்கை அவற்றை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். ஒப்போசத்தின் திட்டு மனிதத் திட்டின் நகலன்று என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது.