கேலரி அலியும் ஓரடி அலியும்

பெட்டியைத் திறந்து கையில் கொடுத்ததும் பெரியப்பா பொம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் வலது கையுறையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“இது வேர்க்கும்டா” என்றார்.

அவர் மகனுக்கு, என் தம்பிக்கு, முகம் சுண்டிப்போனது. விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கடன் போட்டு வாங்கிய ஃபிளாட் அவனுடையது. அதன் ஹாலில், விளக்கு வைத்த கண்ணாடி அலமாரி ஒன்றை இந்தப் பொம்மைக்காகவே ஆசாரியை வைத்துச் செய்திருந்தான். முகமது அலி, ஆறில் ஒரு பங்கு அளவு. வெள்ளை டிரவுசரில் கறுப்புப் பட்டை, மேலே போட வெள்ளை அங்கி, கழற்றி மாற்ற நான்கு ஜோடிக் கைகள். சிங்கப்பூரில் இருக்கும் சிநேகிதன் லீவில் வந்தபோது சூட்கேஸில் துணிக்கு நடுவே பொத்திக் கொண்டுவந்தது. விலையைத் தம்பி அவன் நைனாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் திருவொற்றியூரில் ரப்பர் வேலை பார்த்தவர். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ச் சரக்கு நாளாக ஆக வெளியே கசிந்து மேலெல்லாம் பிசுபிசுக்கும். அதைத்தான் வேர்வை என்கிறார். கையுறை தோலும் கிடையாது, ரெக்ஸின். இந்த வகை ரெக்ஸினின் மேல்பூச்சை ஈரக்காற்று மெல்ல மெல்லத் தின்றுவிடும். சில வருஷத்தில் சொறி பிடித்ததுபோல உரிய ஆரம்பிக்கும். உலகம் முழுக்க இந்தப் பொம்மை சேர்ப்பவர்களின் பெரிய துக்கம் இதுதான். கடல் உப்பும் எண்ணூர்ச் சாம்பலும் சேர்ந்து வீசுகிற ஊரில் அது கொஞ்சம் சீக்கிரமாகவே வரும். தம்பி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வரிசையாக அடுக்கியிருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவனுக்கும் தெரிந்தேயிருக்கிறது. வாய்விட்டு யாரும் சொல்லாமலிருந்தால் போதும் என்று இருந்திருக்கிறான்.

பொம்மையும் ரப்பரும் திருவொற்றியூருக்குப் புதுசில்லை. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். குழந்தைகள் ஊதி உடைக்கிற அதே பலூன். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி அங்கிருந்து வளர்ந்ததுதான். டெண்டுல்கரின் மட்டையில் உலகமே பார்த்த எம்.ஆர்.எஃப். என்ற மூன்று எழுத்துக்கும் அந்தப் பலூன் கொட்டகையே பிறந்த வீடு. விளையாட்டுச் சாமான் செய்த ஊர் டயருக்குப் போய், டயரிலிருந்து மறுபடி விளையாட்டுக்கு வந்தது. இன்றைக்கு இங்கே ஒரு பொம்மை வேண்டுமென்றால் சீனத் தொழிற்சாலையிலிருந்து யாராவது தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

பெரியப்பா அலியை நேரில் பார்த்தவர். 1980 தொடக்கத்தில் அலி மெட்ராஸுக்கு வந்தார். எம்.ஜி.ஆர். முதலமைச்சர்; அந்த ஆட்சி கலைக்கப்படச் சில வாரங்களே இருந்தன. நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. எதிரே ஜிம்மி எல்லிஸ். அவரும் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன், அலியின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்த பழைய சிநேகிதர். அலிக்கு அப்போதுதான் முப்பத்தெட்டு முடிந்திருந்தது. முந்தைய வருஷமே ஓய்வு அறிவித்துவிட்டார். அந்த அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் போய் அடிவாங்கப்போகிறார் என்று மெட்ராஸில் யாருக்குத் தெரியும்?

பெரியப்பாவும் கூட்டாளிகளும் ராயபுரத்திலிருந்து நடந்தே போனார்கள். கேலரி டிக்கெட். மைதானத்தின் நடுவே ரிங். “கையை நீட்டிக் கட்டைவிரலை நிமித்தினா, நகத்துக்குள்ள மறைஞ்சிடுவாரு” என்பார். “ஆனா நிக்கிற தினுசு மட்டும் நல்லாத் தெரிஞ்சிது.” இதை நான் சின்ன வயதிலிருந்து நூறு தடவையாவது கேட்டிருப்பேன். முகம் எப்படி இருந்தது, என்ன பேசினார் என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. அந்தத் தூரத்தில் முகம் எங்கே தெரியும்?

வடசென்னைக்காரர்களுக்குக் குத்துச்சண்டையில் கண் பழகியது அப்படித்தான். துறைமுகத்துக்கு வந்துபோன வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஆட்டம் என்று சொல்வார்கள். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பிரிந்து நின்று ஆடினார்கள். சுவரொட்டியில் ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று போட்டிருக்கும். பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் தூரத்தில்தான் நிற்க வேண்டும். அவர்கள் ஆளைக் கண்டுபிடித்தது காலை வைத்து. முன்கால் எவ்வளவு திரும்பியிருக்கிறது, பின்குதிகால் தூக்கியிருக்கிறதா, இடது கை எங்கே தொங்குகிறது என்பதைப் பார்த்தே இவன் எந்த வாத்தியாரிடம் கற்றவன் என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் மேடைகளில் கலாட்டா பெருகி, போலீஸ் அனுமதி அரிதாகி, ஆட்டம் அடங்கியது. 2021-ல் ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது தம்பி நான்கு முறை பார்த்தான். அலமாரி யோசனையே அதற்கப்புறம் வந்ததுதான். பெரியப்பா ஒரு முறை பார்த்தார். டான்ஸிங் ரோஸ் வருகிற இடத்தை மட்டும் நிறுத்தி, மறுபடி போடச் சொன்னார்.

அன்றைக்குச் சேர்த்துவைக்கிற பழக்கமே இல்லையா என்றால், இருந்தது. காசு இல்லாத சேகரிப்பு. பெரியப்பா சிறுவனாக இருந்தபோது இந்தப் பக்கத்துப் பையன்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி இங்கேயே இருக்கும்போது சேர்க்காமல் இருப்பார்களா? இன்றைக்கு விம்கோ என்பது ஒரு மெட்ரோ ஸ்டேஷன் பெயர். 2021 பிப்ரவரியில் ரயில் ஓட ஆரம்பித்தது; அதில் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தீக்குச்சியின் பெயர் என்று தெரியும்? பிறகு ‘ஸ்போர்ட்ஸ்டார்’ வந்தது, நடுப்பக்கத்துப் படத்தோடு. எங்கள் தெருச் சலூனில் கண்ணாடிக்கு மேலே புரூஸ் லீ ஒரு பக்கம், அலி ஒரு பக்கம். புரூஸ் லீயின் மூக்கில் ஸ்டேப்ளர் பின் குத்தியிருக்கும். அதைப் பார்த்து யாரும் வருத்தப்பட்டதில்லை.

என் காலம் டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று மல்யுத்த வீரர்களை எண்ணாக மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். ஒரு ஆளைக்கூட ஆடிப் பார்த்ததில்லை. ஆனால் யார் எத்தனை பவுண்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். தம்பி எனக்குச் சின்னவன் என்றாலும் அந்த வியாதி அவனுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஒரு பொம்மையைச் சமையலறைத் தராசில் நிறுத்துவானா?

நிறுத்தினோம். அதற்கு ஒரு கணக்கு உண்டு. உயரம் ஆறில் ஒரு பங்கு என்றால் அகலமும் பருமனும் அப்படித்தான். ஆகவே எடை ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் ஆறு, அதாவது 216-ல் ஒரு பங்காக வேண்டும். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாம் ரவுண்டில் சாய்க்கப் போனபோது அலியின் எடை 216½ பவுண்டு. வகுத்தால் ஒரு பவுண்டு! அச்சு வார்த்ததுபோல் ஒரு பவுண்டு, 454 கிராம். தராசு 388 காட்டியது. உடம்புக்குள் கொஞ்சம் வெற்றிடம்.

“ரெண்டு வேளை சாப்பிடாத அலி” என்றார் பெரியப்பா.

உயரம் சரியாக இருந்தது. அலி 6 அடி 3 அங்குலம். பொம்மை பன்னிரண்டரை அங்குலம், ஸ்கேலில் 32 சென்டிமீட்டரைத் தொடுகிறது. இந்த ஓரடி அளவை உலகத்துக்குப் பழக்கியது 1964-ல் அமெரிக்காவில் வந்த ஜி.ஐ. ஜோ சிப்பாய்ப் பொம்மை. ஆண்பிள்ளைகள் ‘பொம்மை’ வைத்து விளையாட வெட்கப்படுவார்கள் என்று அதற்கு ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ எனப் புதுப்பெயர் வைத்தார்கள். அலியையே 1976-ல் மெகோ என்ற கம்பெனி பொம்மையாக்கியது. முதுகில் ஒரு விசை, அமுக்கினால் கை குத்தும். விளையாடி உடைக்கத்தான் அது. 2000-க்குப் பிறகு ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸும் என்டர்பேயும் வந்து இதை விளையாட்டுச் சாமான் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டன. என்டர்பே செய்த மைக்கேல் ஜோர்டானைக் கையில் வாங்கி விளையாடத் துணிகிற குழந்தை உண்டா என்ன?

சட்டமும் அதற்கேற்பத்தான் நிற்கிறது. பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. 2021 ஜனவரி முதல், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தம்பியின் பெட்டியில் மேல் மூலையில் ‘15+’ என்று அச்சாகியிருந்தது. முன்பெல்லாம் வெளிநாட்டுச் சாமான் என்றால் பர்மா பஜார். 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பிவந்தவர்களுக்காக பீச் ஸ்டேஷன் எதிரே உண்டான கடைகள். வேண்டியதைச் சொல்லிவைத்தால் கப்பல்காரர் மூலம் வந்துசேரும். இப்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ராப்பகலாக வரிசை கட்டி நிற்கின்றன. எதற்குள் எந்தப் பொம்மை இருக்கிறதோ, தம்பியின் பொம்மை மட்டும் விமானத்தில் வந்தது.

தம்பி பார்க்கும் வரிசை வேறு. முதலில் முகம்: கண்ணின் ஈரப்பளபளப்பு, பாப்பா இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிறதா, உதட்டோரம் சாயம் வழிந்திருக்கிறதா. முகம் எனக்கும் பிடித்தது. வியர்வைத் துளிகளைக்கூட நெற்றியில் மெருகாக வைத்திருந்தார்கள். அடுத்தது மூட்டு: முழங்காலைப் பிடித்து அசைத்தால் தொளதொளக்கக் கூடாது. மூன்றாவது தையல். இங்கேதான் ஆறில் ஒரு பங்கு ஏமாற்ற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. ஆளைச் சின்னதாக்கலாம், நூலைச் சின்னதாக்க முடியாது. நிஜ டிரவுசர் சாட்டின் துணியாகத் தொடையில் வழியும். இங்கே துணிக்கு எடை போதாமல் பாவாடைபோல் விறைத்து நின்றது. தம்பிக்கு அதற்கு வைத்தியம் தெரியும். தண்ணீர் தெளித்து, நூலால் சுற்றிக் கட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுவானாம். மறுநாள் மடிப்பு படிந்துவிடும். கடைசியில் அட்டைப் பெட்டி. அதன் மூலை நசுங்கினால் பின்னால் விற்கும்போது விலை போய்விடும் என்றான். பொம்மை இருக்க அட்டைக்கு என்ன விலை என்று பெரியப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்கும்தான்.

எல்லாம் முடிந்து தம்பி பொம்மையை மேஜைமேல் நிறுத்தினான். இரண்டு கையும் முகத்துக்கு நேரே, கால் இரண்டும் தோள் அகலத்துக்கு, அட்டைப் படத்தில் இருக்கிறபடியே.

“இன்னாடா நிக்கிறான் இவன்? பஸ்ஸுக்கா?”

“படத்துல அப்படித்தான் நைனா போட்டிருக்கு.”

“படம் எடுத்தவன் ஆட்டம் பார்த்திருக்க மாட்டான். குடு இங்க.”

பெரியப்பா விரல்கள் தடித்தவை. வலது சுட்டுவிரல் நுனி மெஷினில் போனது. அந்த விரல்களால் பொம்மையின் இடது காலை முன்னே வைத்து, பாதத்தைக் கொஞ்சமாக உள்ளே திருப்பினார். வலது குதிகாலை ஒரு நூல் தூக்கினார். இடது கையைப் பிடித்து இறக்கினார். தம்பி “நைனா, கார்டு” என்று பதறினான். “அவருக்கு எங்கடா கார்டு? இங்க தொங்கும் கை. அடி வரும்போது தலை பின்னால போயிடும். வேற எவனாவது அப்படி நின்னா வாத்தியார் பிரம்பால போடுவாரு.” இடுப்பிலிருந்து மேலே லேசாகப் பின்னால் சாய்த்தார். பொம்மை விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது. 66 கிராம் குறைச்சல் எங்கே என்று எனக்கு அப்போது உறைத்தது. கீழே கனம் இல்லை. தம்பி போய்ச் சமையலறையிலிருந்து கொஞ்சம் கோதுமை மாவு பிசைந்து வந்து இரண்டு ஷூவுக்கும் அடியில் ஒட்டினான். பதினைந்தாயிரம் சொச்சம் கொடுத்த பொம்மைக்குச் சப்பாத்தி மாவு. நின்றது.

நின்றதும் அந்த அழகான முகம் ஒரு பொருட்டாகவே இல்லாமல் போய்விட்டது. நான் வாசல்பக்கம் தள்ளிப்போய்ப் பார்த்தேன். சின்ன உருவம், கண் மூக்கு எதுவும் தெரியவில்லை, அலிதான்.

பெரியப்பா நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கண்ணுக்கும் பொம்மைக்கும் இரண்டு அடி இருக்கும். எனக்கு டிரம்ப் கார்டு புத்தி போகவில்லை. “பெரியப்பா, ஆறில் ஒரு பங்கு பொம்மையை ரெண்டு அடியில பார்த்தா, நிஜ ஆளைப் பன்னெண்டு அடியில பார்த்த மாதிரி” என்றேன்.

“பன்னெண்டு அடியா?”

“ஆமாம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“பன்னெண்டு அடின்னா ரிங்சைடுடா. அன்னிக்கு ரிங்சைடுல உக்காந்தவன்லாம் கார்ல வந்தவன்.” பிறகு தம்பி பக்கம் திரும்பினார். “ஆமா, இது இன்னா விலை?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.