கொடியை வெட்டும் முன் ஒரு மூச்சு

கருவிலிருக்கும் குழந்தை மூச்சுவிடத் தேவையில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியே வந்துவிடும். அதனால்தான் கழுத்தில் பெரிய கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்தினாலும் குழந்தை வயிற்றுக்குள் உயிரோடிருக்கிறது. பிறந்து, கொடியை வெட்டிய பிறகுதான் ஆபத்து.

இக்கட்டியின் பெயர் கழுத்து டெரடோமா. எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஆரம்பகால செல்கள் கட்டுப்பாடின்றி வளர்வதால் வருவது. வெட்டிப் பார்த்தால் குருத்தெலும்பு, நரம்புத் திசு, சில சமயம் முடிகூட இருக்கும். கருவில் டெரடோமா அதிகம் வருவது வால் எலும்பருகே. அதுவே சுமார் 40,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான். கழுத்தில் வருவது இன்னும் அபூர்வம். கிரகணத்தில் வெளியே போனதாலோ, தாய் எதையோ சாப்பிட்டதாலோ வருவதல்ல.

முதல் தடயம் பல நேரம் பனிக்குட நீர்தான். குழந்தை அதை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி உணவுக்குழாயை அடைத்தால் நீர் தேங்கி, தாயின் வயிறு மாதத்துக்கு மீறிப் பெருக்கும். ஸ்கேனில் குழந்தையின் தலை பின்னோக்கி வளைந்து தெரியும். நிணநீர்க் கட்டியும் இதேபோலத் தோன்றலாம் என்பதால், பிரித்தறியவும் மூச்சுக்குழாய் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கவும் எம்.ஆர்.ஐ. உதவும்.

அடுத்தது 'எக்ஸிட்' எனும் பிரசவ முறை. 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவர் மைக்கேல் ஹாரிசன் குழுவினர், உதரவிதானத்தில் ஓட்டையுள்ள குழந்தைகளுக்காக உருவாக்கியது; கழுத்துக் கட்டிக்கும் இதே முறை பயன்படுகிறது. சிசேரியன்போல் வயிற்றைத் திறந்து, தலையையும் தோள்களையும் மட்டும் வெளியே எடுப்பார்கள். மீதி உடல் உள்ளேயே இருக்கும், கொடி துடித்துக்கொண்டிருக்கும். கருப்பை சுருங்கினால் நஞ்சுக்கொடி பிரிந்துவிடும் என்பதால் மயக்க மருந்தால் கருப்பையைத் தளர்த்தி வைப்பார்கள். குழந்தையின் தொண்டைக்குள் கருவியை விட்டு, மூச்சுக்குழாயைத் தேடிக் குழாய் செருகுவார்கள். முடியாவிட்டால் கழுத்தில் துளையிடுவார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம்வரை அவகாசம் உண்டு. சாதாரணப் பிரசவத்திலோ சில நிமிடங்கள்தான்.

குழாய் சரியாக அமர்ந்த பிறகே கொடியை வெட்டுவார்கள். அந்தக் கணம் முதல் தாய்க்கு எல்லாம் தலைகீழ்: தளர்ந்திருந்த கருப்பை உடனே சுருங்க வேண்டும், இல்லையெனில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காது.

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. அறுவை சிகிச்சையில் அகற்றிவிடலாம். தைராய்டு சுரப்பி பாதிக்கப்படலாம் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை. ஆனால், இதற்கான மருத்துவக் குழு ஒரே அறையில் காத்திருக்க வேண்டுமானால், கட்டி இருப்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடக் கூடாது என்பது அதனால்தான்.