வெப்பத்தைத் தடுக்கும் காப்பு

மகிழுந்து எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை, டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் சுழலும் மற்றொரு சக்கரம் எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைச் செலுத்துவதால் ஆற்றல் பெருகுகிறது. பெட்ரோல் எஞ்சினில் அப்புகையின் வெப்பநிலை 900 டிகிரி செல்சியசையும் எட்டக்கூடும். அருகிலுள்ள இரப்பர்க் குழாய்களும் மின்கம்பிகளும் கருகாமல் இருக்க வெப்பக்காப்பு தேவை.

எதைத் தேர்ந்தெடுப்பது? அலுமினியத் தகடு வெப்பக்கதிர்களைத் திருப்பி அனுப்பும். ஆயினும் 660 டிகிரியில் உருகிவிடும். எனவே, அதனை இடைவெளி விட்டே பொருத்த வேண்டும். டர்போவை அடுத்த இடத்திற்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஏற்றது. புகைக்குழாயில் சுற்றும் கண்ணாடியிழை நாடா வெப்பத்தை நன்கு அடக்கும். ஆனால், அதில் ஈரம் தங்கினால் குழாய் துருப்பிடிக்கும். எண்ணெய் ஊறினால் தீப்பற்றும். தாங்கும் வெப்பம், பொருத்தும் இடம், நேரக்கூடிய தீங்கு ஆகிய மூன்றையும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தலே அறிவுடைமை.

சொற்பொருள்: மகிழுந்து – கார், எஃகு – ஸ்டீல், இழை – நூல்.

வினா: அலுமினியத் தகட்டை டர்போவின்மீது ஒட்டிப் பொருத்தலாகாது. ஏன்?