கூகுள் கைவிட்ட பிளாக்குகள்: பின்ட்ரெஸ்ட், இன்ஸ்டாகிராம் கைகொடுக்குமா?

‘தோசை மாவு ஏன் புளிக்கவில்லை?’ என்று கூகுளில் தட்டிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படிக் கேட்டால் பத்து இணையதளங்களின் லிங்க் வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டு உள்ளே போய்ப் படிப்போம். இப்போது இதுபோன்ற பல கேள்விகளுக்குப் பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ எழுதிய பதில் வந்துவிடுகிறது. வெந்தயம், உளுந்து அளவு, குளிர்காலம் என எல்லாம் நாலு வரியில். கேட்டவருக்கு வேலை முடிந்தது. ஆனா, நாலு முறை மாவரைத்துப் பார்த்து, போட்டோ எடுத்து எழுதிய பிளாக்கருக்கு? ஒரு கிளிக்கூட இல்லை. பெரும்பாலான பிளாக்குகளின் வருமானம் விளம்பரத்தை நம்பியே இருப்பதால், கிளிக் குறைந்தால் காசும் குறையும்.

சமையல், பயணம், வீட்டுத் தோட்டம், கைவேலை பற்றி எழுதுபவர்களில் பலர் இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு யூடியூபில் இப்போது கிடைக்கும் அட்வைஸ் ஒன்றுதான்: ‘கூகுள் போனா போகட்டும், பின்ட்ரெஸ்ட் இருக்கே!’ இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அந்த வீடியோக்களில் சொல்வதில்லை.

கூகுளில் என்னதான் நடந்தது?

அடி இரண்டு பக்கமிருந்து விழுந்தது. முதலாவது, தரவரிசை. தேடுபொறிக்காக எழுதப்படும் பக்கங்களைக் கீழே தள்ளி, மனிதர்களுக்குப் பயன்படும் பக்கங்களை மேலே கொண்டுவரப் போவதாக 2022 ஆகஸ்ட்டில் கூகுள் ஒரு மாற்றத்தை அறிவித்தது. 2023 செப்டம்பரில் அதன் அடுத்த பதிப்பு வந்தபோது சின்னச் சின்ன சுயாதீனத் தளங்கள் பல ஒரே மாதத்தில் சரிந்தன. 2024 மார்ச்சில் இந்த முறையை கூகுள் தன் மைய அல்காரிதத்துக்குள்ளேயே கலந்துவிட்டது. அந்த அப்டேட் முடியவே ஒன்றரை மாதம் ஆனது.

இதில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் ‘ஹவுஸ்ஃபிரெஷ்’. ஏர் பியூரிஃபையர்களைத் தாங்களே வாங்கிச் சோதித்து விமர்சனம் எழுதும் சின்ன டீம். நாளுக்கு ஆயிரக்கணக்கில் கூகுளிலிருந்து வந்துகொண்டிருந்த வாசகர்கள் சில நூறாகச் சுருங்கியதை 2024-ல் அவர்களே விரிவாக எழுதினார்கள். பொருளைச் சோதித்ததற்கான அடையாளமே இல்லாத பெரிய பத்திரிகைத் தளங்கள் தங்களுக்கு மேலே நிற்கின்றன என்பதுதான் அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. நேரடி அனுபவம் முக்கியம் என்று 2022 டிசம்பரில் தன் தர வழிகாட்டியிலேயே எழுதிவைத்த கூகுளுக்கு, இது கொஞ்சம் சங்கடமான உதாரணம்தான்.

இரண்டாவது அடி, ஏஐ பதில். ‘ஏஐ ஓவர்வியூஸ்’ 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்ட்டில் இந்தியாவிலும் வந்தது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்துத் தேடல்களை எடுத்துப் பார்த்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் கீழே உள்ள ஏதாவது ஒரு லிங்க் தொடப்பட்டது. சுருக்கம் வராத தேடல்களில் அது 15 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே கொடுக்கப்படும் ஆதார லிங்க்குகளுக்குக் கிடைத்தது வெறும் 1 சதவீதம்.

அதாவது, ரேங்க் திரும்பக் கிடைத்தாலும் பழைய கூட்டம் அப்படியே திரும்பும் என்று சொல்ல முடியாது. வேறு வழி தேடுவதற்கான முக்கியக் காரணம் இதுதான்.

பின்ட்ரெஸ்ட் ஏன் வேறு மாதிரி?

2010-ல் தொடங்கிய பின்ட்ரெஸ்ட்டை இன்ஸ்டாகிராமின் தங்கை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது படத்தில் ஓடும் ஒரு தேடுபொறி. அங்கே போகிறவர், நண்பர் என்ன சாப்பிட்டார் என்று பார்க்கப் போவதில்லை. ‘சின்ன பால்கனி தோட்டம்’, ‘குழந்தை பிறந்தநாள் டெக்கரேஷன்’ என்று தேடி, பிடித்ததை போர்டில் சேர்த்துவைக்கிறார். மாதம் 50 கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்தும் தளம் இது. பிளாக்கர்களுக்கு முக்கியமான விஷயம், ஒவ்வொரு பின்னிலும் வெளித்தளத்துக்கான லிங்க் வைக்கலாம் என்பது.

ஆயுளும் நீளம். இன்ஸ்டா போஸ்ட் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒரு நல்ல பின், போட்டு பல மாதம் கழித்துக்கூட யாரோ தேடும்போது மேலே வரும். அதனால் ஃபாலோயர் எண்ணிக்கை இங்கே பெரிய விஷயமில்லை. தலைப்பு, விளக்கம், படத்தின் மேல் உள்ள எழுத்து, எந்த போர்டில் போட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் யாருக்குக் காட்டுவது என்று முடிவாகிறது. படம் உயரவாக்கில், 1,000-க்கு 1,500 பிக்சல் அளவில் இருக்க வேண்டும் என்பது தளத்தின் சொந்தப் பரிந்துரை. அகலவாக்குப் படத்தை அப்படியே போட்டால் மொபைல் திரையில் அது தபால்தலை மாதிரி ஆகிவிடும்.

காலக்கணக்கும் வேறு. இங்கே மக்கள் திட்டமிடவே வருகிறார்கள், அதனால் பண்டிகைக்கு நெடுநாள் முன்பே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். தீபாவளி முறுக்கு பின்னைத் தீபாவளி வாரத்தில் போட்டால் பஸ் போச்சு. ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே போட்டால்தான் தளம் அதைப் புரிந்துகொண்டு ஆட்களுக்குக் காட்டத் தொடங்கும். பொங்கல் கோலத்துக்கு நவம்பர் நடுவிலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

சேவ் வேறு, கிளிக் வேறு

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். பின்ட்ரெஸ்ட் அனலிட்டிக்ஸில் பல எண்கள் வரும். எத்தனை முறை திரையில் தெரிந்தது, எத்தனை பேர் சேவ் செய்தார்கள், எத்தனை பேர் பின்னைத் தொட்டுப் பெரிதாக்கினார்கள், எத்தனை பேர் லிங்க் வழியாக வெளியே போனார்கள். ‘இந்த மாதம் 2 லட்சம் வியூஸ்!’ என்று ஸ்க்ரீன்ஷாட் போடுபவர்கள் காட்டுவது முதல் எண்ணை. பிளாக்குக்குச் சோறு போடுவது கடைசி எண் மட்டும்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பிளாக் கூகுளிலிருந்து நாளுக்கு 2,000 வாசகர்களை இழந்திருக்கிறது. பின்னைப் பார்ப்பவர்களில் 200 பேருக்கு ஒருவர் லிங்க்கைத் தொடுகிறார். இழந்ததை ஈடுகட்ட நாளுக்கு 4 லட்சம் முறை அதன் பின்கள் திரையில் தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து பின்னை வைத்துக்கொண்டு இது நடக்காது. மாதக்கணக்கில் தொடர்ந்து போட்டால்தான் பக்கத்திலாவது போக முடியும்.

அந்த விகிதத்தைக் கூட்டுவது படத்தின் வேலை. முழு ரெசிபியையும் ஒரே இன்ஃபோகிராஃபிக்கில் அளவோடு எழுதிப் போட்டால் சேவ் குவியும், கிளிக் வராது. வர வேண்டிய அவசியமே அவருக்கு இல்லையே! முடிந்த பதார்த்தத்தின் நல்ல போட்டோ, அதன் மேல் ‘வெண்ணெய் இல்லாமல் முறுக்கு: மாவுப் பதம் படங்களுடன்’ என்பது போல உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரி. இது கிளிக்கைக் கொண்டுவரும். அதற்காக உள்ளே இல்லாததை வெளியே எழுதக் கூடாது. ஏமாந்தவர் மூன்று நொடியில் திரும்பிவிடுவார், அடுத்த முறை தொடவும் மாட்டார்.

பழைய பதிவுகளுக்கும் இங்கே மறுவாழ்வு உண்டு. சர்ச் கன்சோலைத் திறந்து, முன்பு நன்றாகப் போய் இப்போது விழுந்துவிட்ட பத்துப் பதிவுகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு போட்டோவில் மூன்று நான்கு பின்கள் செய்யலாம். புதிதாக எழுதுவதைவிட இது சீக்கிரம் பலன் தரும். ஏஐ படங்களைக் கொண்டு சமாளிக்கலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுவது நல்லது. அப்படிப்பட்ட படங்கள் மேல் எரிச்சல் கூடியதால்தான் 2025-ல் பின்ட்ரெஸ்ட் அவற்றுக்கு லேபிள் ஒட்டத் தொடங்கியது.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பின்ட்ரெஸ்ட்டுக்கு வருமானம் பெரும்பகுதி அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் தென்னிந்தியச் சமையல் எழுதுபவருக்கு அந்த ஊர் வாசகர் கிடைப்பதும், அதற்கேற்ற விளம்பரக் கட்டணம் கிடைப்பதும் லாபம். தமிழிலேயே எழுதும் பிளாக்குக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதன் வாசகர்கள் இன்ஸ்டாவிலும் யூடியூபிலும் இருக்கிறார்கள்.

இன்ஸ்டா, யூடியூப்: கூட்டம் உண்டு, கதவு சின்னது

சரி, அங்கேயே போய்விட்டால்? இன்ஸ்டாகிராமில் கேப்ஷனில் போடும் லிங்க்கைத் தொட முடியாது. பயோவில் வைக்கலாம். ஸ்டோரியில் ஸ்டிக்கராக வைக்கலாம். அந்த வசதிகூட 2021 அக்டோபரில்தான் எல்லோருக்கும் வந்தது. ‘ரெசிபி வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, லிங்க் அனுப்புறேன்’ என்று ரீல்ஸில் கேட்கிறோமே, அது இந்தத் தடையைச் சுற்றிப் போகும் குறுக்கு வழி. கமெண்ட் போட்டதும் ஆட்டோமேட்டிக்காக மெசேஜில் லிங்க் போகும்.

யூடியூப் ஷார்ட்ஸிலும் இதே கதைதான். விளக்கத்திலும் கமெண்ட்டிலும் இருந்த லிங்க்குகளை ஸ்பேம் காரணம் சொல்லி 2023 ஆகஸ்ட் 31 முதல் முடக்கிவிட்டார்கள். நீள வீடியோவின் விளக்கத்தில் லிங்க் இன்னும் வேலை செய்கிறது. ஆக, ஷார்ட்ஸ் ஆளைக் கூட்டும், நீள வீடியோதான் அவரைத் தளத்துக்கு அனுப்பும்.

மறுபடியும் வாடகை வீடு

இந்தப் படத்தை இணையம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2015, 16-ல் ஃபேஸ்புக் வீடியோவை நம்பிப் பல செய்தி நிறுவனங்கள் எழுத்தாளர்களைக் குறைத்து, கேமராவுக்கு மாறின. வீடியோ பார்க்கும் சராசரி நேரத்தைத் தவறாகக் கூட்டிக் காட்டியதாக 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்குத்தான் முன்னுரிமை என்று ஃபீடையும் மாற்றியது.

பின்ட்ரெஸ்ட்டும் விதிவிலக்கு இல்லை. 2021-ல் ‘ஐடியா பின்’ என்ற வடிவத்தை அது தூக்கிப் பிடித்தபோது அதில் வெளி லிங்க்குக்கே இடமில்லை. 2023-ல்தான் எல்லா பின்களையும் ஒன்றாக்கி லிங்க்கைத் திரும்பக் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் வியூஸ் ஏறியும் வாசகர் வராமல் தவித்த பிளாக்கர்கள் நிறைய.

அதனால் பின்ட்ரெஸ்ட் வழியே வருபவரை வந்த அன்றே தக்கவைக்கப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். பதிவின் கடைசியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் மின்னஞ்சல் பெட்டியை ரெசிபி அட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்த வாட்ஸ்அப் சேனல், தமிழ் வாசகருக்கு மின்னஞ்சலைவிடப் பழகிய இடம். ஆனா அதுவும் மெட்டாவின் வீடுதான். மின்னஞ்சல் பட்டியலை மட்டும் ஒரு ஃபைலாக இறக்கி, வேறு எந்தச் சேவைக்கும் எடுத்துக்கொண்டு போகலாம்.