ஒன்றே முக்கால் ரூபாயில் ஒரு பத்திரிகை

திருவையாற்றுக்காரர் ஜி. சுப்பிரமணிய ஐயர் முதலில் பள்ளி ஆசிரியர். டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் குறைகூறின. பதில் சொல்ல நம்மவர் கையில் ஏடு இல்லை! ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, நண்பர்கள் ஐவரோடு 1878 செப்டம்பர் 20இல் ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கினார். அச்சடித்தது 80 பிரதிகள்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டும் எழுதினால் போதுமா? 1882இல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ பிறந்தது. 1899இல் நாளிதழானது. மதுரையில் தமிழாசிரியராக இருந்த பாரதியை 1904இல் உதவி ஆசிரியராக அழைத்து வந்தவரும் இவரே.

கைம்பெண் மறுமணம் பற்றி ஊருக்கு எழுதியதைத் தம் வீட்டிலேயே செய்து காட்டினாரே, அதுதான் பெரிய விஷயம். சிறுவயதிலேயே கணவரை இழந்த மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். உறவினர்கள் ஒதுக்கினார்கள், ஐயர் பின்வாங்கவில்லை.

1898இல் ‘தி இந்து’வை விட்டு விலகி, முழுமூச்சாகச் சுதேசமித்திரனில் இறங்கினார். அதில் எழுதியவை அரசுக்குக் கசந்தன. 1908இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். கடைசிக் காலத்தில் கடும் நோயோடு போராடியவர், 1916 ஏப்ரல் 18இல் காலமானார்.